சவுனா: 'நீராவிக் குளியல்' என்று எழுதுவது ஏன் தவறு?

பின்லாந்தைப் பற்றித் தமிழில் எது எழுதினாலும் ஒரு வரி வந்துவிடும்: "அந்நாட்டு மக்கள் நீராவிக் குளியலில் பெருவிருப்பம் கொண்டவர்கள்." சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் சவுனாக்கள் (சூடேறிய கற்கள் அடுக்கிய அடுப்பால் காயவைக்கும் மர அறைகள்) உண்டு என்ற கணக்கையும் கூடவே தருவார்கள். கணக்கு சரி. சவுனாவை 'நீராவிக் குளியல்' என்பது மட்டும் தவறு. பயண நூல், உடல்நலப் பகுதி, விடுதி விளம்பரம் என்று எங்கும் இதே சொல்தான். 2020இல் யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனா மரபைப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பிறகும் இது மாறவில்லை.

முதலில் சொல்லின் வேர். பின்லாந்து, எஸ்தோனிய மொழிகள் அடங்கிய 'பின்னிக்' குடும்பத்தின் பழைய 'சக்னா' என்ற வடிவிலிருந்து வந்தது. எஸ்தோனிய மொழியில் 'சவுன்'. வடக்கே வாழும் சாமி இனத்தவரின் மொழியில் இதனோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு சொல் பனியில் தோண்டிய குழியைக் குறிக்கிறது. தொடக்ககாலச் சவுனாக்கள் மண்ணில் தோண்டிய குழிகளாக இருந்ததால் பொருளும் பொருந்துகிறது. பின்லாந்தில் முதல் அசையை அழுத்தி 'சவ்‑ன' என்பார்கள். நம்மூரில் புழங்கும் 'சானா' ஆங்கில வாய் வழியாக வந்த சிதைவு. 'சவுனா'தான் மூலத்துக்கு நெருக்கம்.

இனி நீராவிக்கு வருவோம். நீராவி அறையில் வெப்பம் 40 முதல் 50 பாகை செல்சியசுக்குள் இருக்கும். ஈரப்பதம் ஏறக்குறைய நூறு விழுக்காடு. எதிரே இருப்பவர் முகம் புகைமூட்டத்தில் தெரிவது போலத்தான் தெரியும். சவுனாவில் வெப்பம் 80, 90 பாகை. ஈரப்பதமோ பெரும்பாலான நேரம் இருபது விழுக்காட்டைத் தாண்டாது. காற்று தெளிவாக இருக்கும், மூக்கின் உட்புறம் காயும். எண்பது பாகைக் காற்றை உடல் தாங்குவதே அது உலர்ந்திருப்பதால்தான். அதே வெப்பத்தில் அறை முழுக்க நீராவி நிறைந்தால், ஆவி தோலில் பட்டு நீராக மாறும்போது தன் வெப்பம் அத்தனையையும் அங்கே இறக்கிவிடும். தோல் வெந்துபோகும். பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் நடந்த, யார் அதிக நேரம் தாங்குவார் என்று பார்க்கும் உலகச் சவுனாப் போட்டி இதற்குச் சான்று: 110 பாகை வெப்பம், 30 நொடிக்கு ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர். 2010 இறுதிச் சுற்றில் ரஷ்யப் போட்டியாளர் இறந்தார், அவரோடு அமர்ந்திருந்த பின்லாந்துக்காரர் கடும் தீப்புண்ணோடு மருத்துவமனைக்குப் போனார், போட்டியும் அதோடு நின்றது. நீராவிக் குளியல் என்று படித்துவிட்டு, ஆவி போதவில்லையே என்று வாளித் தண்ணீரைக் கல்லில் கவிழ்ப்பவருக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் செய்த உதவி என்னவென்று பாருங்கள்.

உண்மையான நீராவி அறையைப் பின்லாந்துக்காரர்களே எப்படிச் சொல்கிறார்கள்? 'ஹொய்ரு' (நீராவி) என்ற அடைமொழியை முன்னே ஒட்டி 'ஹொய்ருசவுனா' என்கிறார்கள். அடை போட்டால்தான் நீராவி வருகிறது என்றால், அடை இல்லாத வெறும் சவுனாவில் அது இல்லை என்றுதானே பொருள்? நம் மொழிபெயர்ப்பின்படி அதை 'நீராவி நீராவிக் குளியல்' என்று எழுத வேண்டியிருக்கும்.

'குளியல்' என்ற பாதியும் சரியில்லை. சவுனா என்பது இடத்தின் பெயர். அறை, அல்லது ஏரிக்கரையில் நிற்கும் மரக்குடில். உள்ளே செய்வதற்கு அவர்களிடம் வேறு வினைச்சொல் இருக்கிறது. அந்தக் குடிலில்தான் மால்ட்டுக்குத் தானியம் உலர்த்தினார்கள், இறைச்சியைப் புகையில் பதப்படுத்தினார்கள். சூடும் வெந்நீரும் துப்புரவும் ஒருசேரக் கிடைத்த இடம் என்பதால் பிள்ளைப்பேறும் அங்கேதான் நடந்தது. இறந்தவரைக் கழுவியதும் அங்கேதான். பிள்ளை பிறந்த இடத்தைக் 'குளியல்' என்று எழுத முடியுமா?

'வெப்பக் குளியல்', 'வியர்வைக் குளியல்' என்ற மாற்றுகளும் குளியலை விடவில்லை. இவற்றை விட மதிக்கத்தக்க எதிராளி 'வேதறை'. வேது பிடித்தல் நல்ல பழைய தமிழ் வழக்கு. ஆனால் வேது என்றால் என்ன? நொச்சி இலையைப் போட்டுக் கொதிக்கவைத்த பானை, மேலே போர்த்திய கம்பளி, முகத்தில் அடிக்கும் ஈர ஆவி. அசல் நீராவி அதுதான்! அந்தச் சொல்லை உலர்ந்த சவுனாவுக்குக் கொடுத்தால் நீராவி அறைக்கு எதை வைப்பது? அதற்கு வேதறையே மிகப் பொருத்தம், அங்கேயே இருக்கட்டும்.

பிறமொழிப் பெயர் எதற்கு என்பவர்கள் பக்கத்து நாட்டைக் காட்டுவார்கள். சுவீடனில் 'பாஸ்து' என்கிறார்கள், 'குளியல் குடில்' என்ற பழஞ்சொல்லின் குறுக்கம். பின்லாந்தின் சுவீடிய மொழிக்காரர்களும் அப்படியே. உண்மைதான். அவர்களிடம் பொருளும் பழங்காலம் தொட்டே இருந்தது, பெயரும் இருந்தது. நம்மிடம் பொருள் இருந்ததில்லை. இல்லாத பொருளுக்கு வேறு பொருளின் பெயரைச் சூட்டுவது தூய்மையும் ஆகாது, தெளிவும் ஆகாது. பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு உறுப்புகளைத் தமிழில் சொல்வதே முறை. நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெயரைத் தமிழாக்கிவிட்டு உள்ளே ஹீட்டர், பெஞ்ச், ஸ்பூன் என்று எழுதுகிறார்கள்.

'கியுவாஸ்' என்பதைக் கல்லடுப்பு எனலாம். விறகிலோ மின்சாரத்திலோ எரியும், மேலே கற்கள் குவிந்திருக்கும். கல் கனமாகவும் திண்மையாகவும் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் சூட்டில் நொறுங்கும். நொறுங்கிய துகள் இடைவெளிகளை அடைத்துக் காற்றோட்டத்தைக் கெடுக்கும். மின்கம்பிச் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதாகும். அதனால்தான் கற்களை நெருக்கி அடுக்கக் கூடாது, அவ்வப்போது கொட்டிப் பொறுக்கி மாற்ற வேண்டும். மின்னடுப்பு என்றால் அறையின் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட். கண்ணாடியோ வெறும் செங்கல் சுவரோ இருந்தால் இன்னும் கூடுதல்.

உட்காரும் படிகளுக்குப் 'பரண்' பொருந்தும், ஏனென்றால் உயரம்தான் அங்கே முதன்மை. மேல்பரணில் அமர்பவரின் பாதம் கல்குவியலுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது விதி. பரண் தாழ்ந்தால் தலை வேகும், கால் சில்லிடும். விடுதிச் சவுனாக்கள் பலவற்றின் கோளாறு இதுவே. பரணுக்கு ஆஸ்பென், ஆல்டர் மரங்களே நல்லவை. பைன் பிசின் கசியும், அதன் கணுக்கள் தோலைச் சுடும். தண்ணீர் ஊற்றுவது அகப்பையில், ஒரு தடவைக்கு 100 முதல் 200 மில்லி. கடல்நீர் ஆகாது, மின்சுருள் அரித்துப்போகும். உடலில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மரக் கிளைக்கொத்துக்குப் பின்லாந்தின் மேற்கே 'விஹ்தா', கிழக்கே 'வஸ்தா' என்று இரு பெயர். கோடை நடுவில் இலை உதிராத பருவத்தில் வெட்டிக் கட்டுவார்கள்.

கடைசியாக 'லோய்லு'. கல்லில் தண்ணீர் பட்டுச் 'சுர்'ரென்று எழுந்து, கூரையைத் தொட்டு, தோளில் இறங்கும் அந்த ஒரு வீச்சு. நொடிகளில் அடங்கிவிடும், அறையில் தங்காது. பழைய காலத்தில் இந்தச் சொல்லுக்கு மூச்சு, உயிர் என்று பொருள். இதன் உறவுச்சொல்லான 'லேலெக்' அங்கேரியில் இன்றும் ஆன்மாவைக் குறிக்கிறது. தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. 'ஆவி' இருக்கிறது, உயிருக்கும் அதே பெயர், கொதித்தெழுவதற்கும் அதே பெயர். சவுனாவில் 'ஆவி எழுப்பினார்' என்று எழுதினால் போதும். முன்னால் 'நீர்' வேண்டாம்.

கல்லும் ஆவியும் இல்லாத சிவப்பு விளக்குப் பெட்டிகளை 'அகச்சிவப்புச் சவுனா' என்று விற்பது வணிகர்களின் வேலை. அதைப் பின்லாந்தில் பலர் சவுனா என்றே ஒப்புவதில்லை. தமிழில் அதற்கு 'அகச்சிவப்பு வெப்பப்பெட்டி' என்று எழுதலாம்.