நடு ஸ்டேஷன் ஏன் விழுகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் பேக்கிங் லைனில் பி.எல்.சி.யோடு (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஒரே கேபிளில் கோர்த்த 18 புரோஃபிபஸ் ஸ்டேஷன்கள், அதாவது கருவிகள். 11ஆம் நம்பர் மட்டும் அடிக்கடி பஸ் ஃபால்ட் (தகவல் தொடர்பு அறுந்தது) காட்டி விழுகிறது. மாட்யூலை மாற்றினோம், இரண்டு நாள் ஓடியது, மறுபடி அதே கதை. வேகத்தை 1.5 மெகாபிட்டிலிருந்து 187.5 கிலோபிட்டுக்கு இறக்கினால் பிரச்சினையே இல்லை. ஏன்?"

வேகத்தைக் குறைத்தால் சரியாகிறது என்று நீங்களே சொல்லிவிட்டதால், 11ஆம் ஸ்டேஷனை விட்டுவிட்டு கேபிளின் கடைசிக் கனெக்டரைப் போய்ப் பாருங்கள். டெர்மினேட்டர் (முனையில் சிக்னலை வாங்கிக்கொள்ளும் மின்தடைகள்) ஸ்விட்ச் அநேகமாக ஆஃபில் இருக்கும்.

ஊதா நிற புரோஃபிபஸ் கேபிளுக்குள் பச்சை (ஏ), சிவப்பு (பி) என இரண்டு கம்பிகள். இரண்டுக்கும் இடையிலான வோல்ட்டேஜ் வித்தியாசம்தான் 0, 1. வித்தியாசம் 200 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்தால் அது 0வா 1ஆ என்று ரிசீவர் உறுதியாகச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆர்எஸ்-485 தரமே அப்படித்தான். இதுவரை பாடப்புத்தகம்.

இனிமேல்தான் சுவாரசியம். சிக்னல் கேபிளில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோசெகண்ட் ஆகும். முனையில் அதை வாங்கிக்கொள்ள சரியான மின்தடை இல்லையென்றால், முனை கட்டாத கயிற்றை உதறினால் அலை திரும்பி வருவதுபோல சிக்னல் அதே குறியோடு திரும்பி வரும். கடைசி ஸ்டேஷன் அந்த முனையிலேயே இருப்பதால், போகும் சிக்னலும் திரும்பும் சிக்னலும் அங்கே ஒரே நேரத்தில் கூடி இரட்டிப்பு வோல்ட்டேஜ் கிடைக்கும். ஆக, தப்பு நடந்த இடத்தில் இருக்கும் கருவிதான் எல்லாரையும்விட நன்றாக ஓடும்!

முனையிலிருந்து, உதாரணமாக, 33 மீட்டர் பின்னால் இருக்கும் ஸ்டேஷன்காரர் நிலைமை வேறு. சிக்னல் அவரைக் கடந்து முனைக்குப் போய்த் திரும்ப 330 நானோசெகண்ட். மாஸ்டர் (இங்கே பி.எல்.சி.) 1லிருந்து 0க்கு மாறியதும் புதிய சிக்னல் மைனஸில் வந்துவிடுகிறது. எதிரொலியோ இன்னும் பழைய பிளஸ்ஸைச் சுமந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அந்த 330 நானோசெகண்டும் வோல்ட்டேஜ் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். 1.5 மெகாபிட்டில் ஒரு பிட்டின் நீளம் 667 நானோசெகண்ட். ரிசீவர் அதை நடுவில், சுமார் 333ஆவது நானோசெகண்டில் படிக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் சிக்னல் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. மாஸ்டருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அனுப்பும் டிரைவர் அங்கே வோல்ட்டேஜை இறுகப் பிடித்திருக்கும். அடிபடுவது நடுவில் இருப்பவர்தான். 187.5 கிலோபிட்டில் பிட்டின் நீளம் 5,333 நானோசெகண்ட். ரிசீவர் படிப்பதற்கு வெகு முன்பே எதிரொலி வந்து அடங்கிவிடும்.

மாட்யூல் மாற்றியதும் இரண்டு நாள் ஓடியது எப்படி? எல்லையில் ஊசலாடும் லைனில் வேறொரு ரிசீவர் சிப், கனெக்டரைக் கழற்றி மாட்டியது, எதுவும் கொஞ்ச நாள் காப்பாற்றும். பேனல் கதவில் எலுமிச்சம்பழம் கட்டுவதைப் பார்த்துச் சிரிக்கும் இன்ஜினியர்களே "மாற்றினேன், சரியானது" என்பதை நிரூபணமாக எடுத்துக்கொள்வது எனக்கு வேடிக்கையாக இருக்கும். பழம் பரவாயில்லை, மாட்யூலைவிட மலிவு.

டெர்மினேட்டர் என்பது ஏ, பி இடையே 220 ஓம், பி-யிலிருந்து 5 வோல்ட்டுக்கு 390, ஏ-யிலிருந்து கிரவுண்டுக்கு 390. ஆக மொத்தம் 1,000 ஓம், 5 மில்லிஆம்பியர். யாரும் பேசாதபோதும் லைன் 1.1 வோல்ட்டில் நிலையாக நிற்கும். எதிரொலியை விழுங்குவது, சும்மா இருக்கும் லைனைப் பிடித்துவைப்பது என்று இரண்டு வேலைகளையும் மூன்று ரெசிஸ்டர்கள் பார்த்துக்கொள்கின்றன. ஜெர்மன் அரசின் ஆராய்ச்சி அமைச்சக ஆதரவோடு 1987இல் 21 நிறுவனங்களும் ஆய்வகங்களும் கூடித் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது புரோஃபிபஸ். ராக்கெட்டுக்குப் பணம் கேட்பது எளிது. கனெக்டர் தரத்துக்கு யார் கேட்பார்கள்? கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

சோதிக்கும் முறை: பவரை நிறுத்தி, எல்லாக் கனெக்டர்களையும் கருவிகளிலிருந்து கழற்றுங்கள். முனைக் கனெக்டரின் 3, 8 பின்களுக்கு இடையே மல்டிமீட்டரில் 110 ஓமை ஒட்டி வர வேண்டும். 220 வந்தால் ஒரே டெர்மினேட்டர்தான் தெரிகிறது. மற்றது ஆஃப், அல்லது நடுவில் கம்பி அறுந்திருக்கிறது. ஒரு முனையில் மட்டும் அளந்து திருப்திப்பட வேண்டாம். பெரும்பாலான கனெக்டர்களில் ஸ்விட்சை ஆன் செய்தால் வெளியேறும் கேபிள் துண்டிக்கப்படும். நடுவில் யாரோ ஆன் செய்திருந்தால் முதல் முனையில் 110 சரியாகவே காட்டும், கடைசி முனையில் 220 வரும்.

அந்தத் துண்டிப்புதான் இன்னொரு வம்புக்கும் காரணம். கடைசிக் கனெக்டரில் கேபிளை உள்வரும் துளையில் மாட்டாமல் வெளியேறும் துளையில் மாட்டிவிடுவார்கள். ஸ்விட்சை ஆன் செய்ததும் அந்த ஸ்டேஷனே காணாமல் போகும். ஆஃப் செய்தால் திரும்ப வரும். "ஆஃப்லதான் ஓடுது" என்று அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். கேபிளைச் சரியான துளைக்கு மாற்றி, ஸ்விட்சை ஆன் செய்தால் தீர்ந்தது.

அளவு சரியாக இருந்தும் லைன் விழுந்தால், டெர்மினேட்டருக்கு 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அது கடைசிக் கருவியிலிருந்துதான் வருகிறது. எமர்ஜென்சி ஸ்டாப் அந்தப் பேனலின் 24 வோல்ட்டையும் வெட்டினால் 390 ஓம் இரண்டும் வேலை செய்யாது. ஆசிலோஸ்கோப்பில் டெலிகிராம்களுக்கு (லைனில் போகும் தகவல் பொட்டலங்கள்) இடைப்பட்ட நேரத்தில் 1.1க்குப் பதில் 0.6 வோல்ட் அளவே தெரியும். தனி பவரில் ஓடும் ஆக்டிவ் டெர்மினேட்டரைக் கடைசியில் போட்டுவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் விழுந்தால் மட்டும் ஷீல்டு (கேபிளின் உலோக உறை) எர்த்திங்கையும், டிரைவின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டார் கேபிளிலிருந்து 20 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்க்கப் போங்கள்.