பாலிசி வரவில்லையா? முதலில் நெட்வொர்க் கார்டைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். மாதம் ஒருமுறை போய் அவர்களுடைய சர்வரைப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே சிஸ்டம் பார்க்கும் தம்பி ஒரு திங்கட்கிழமை காலையில் போன் செய்தார். "அண்ணா, கட்டிங் செக்‌ஷன்ல புதுசா போட்ட 12 சிஸ்டத்துல ஏழெட்டுல பென்டிரைவ் ஓப்பன் ஆகுதுங்க. மத்ததுல ஆகல. குரூப் பாலிசில பிளாக் பண்ணித்தான் வெச்சிருக்கோம். ரெண்டு நாளா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேனுங்க."

குரூப் பாலிசி என்பது எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் சர்வரிலிருந்தே விதிகள் போடும் வசதி. பென்டிரைவைவிட அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை தந்தது. என்னவெல்லாம் மாற்றினீர்கள் என்று கேட்டேன். பாலிசியை மூன்று முறை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். சர்வரில் ஃபயர்வாலை அணைத்திருக்கிறார். இரண்டு சிஸ்டங்களை டொமைனிலிருந்து (சர்வர் நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்களின் கூட்டத்திலிருந்து) வெளியே எடுத்து மறுபடி சேர்த்திருக்கிறார். உரிமை போதவில்லையோ என்று கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் எல்லோரையும் அவரவர் சிஸ்டத்தில் அட்மின் ஆக்கியிருக்கிறார். அக்கறையோடு செய்ததுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கோளாறு இருந்த இடத்தில் இப்போது நான்கு.

"பாலிசி வரவில்லை" என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் பாலிசியில் பிழையே இருந்ததில்லை. அது வந்து சேரும் பாதையில்தான் இருந்தது. இதை எல்லா சிஸ்டம் அட்மின்களிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பாலிசிக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று, டொமைனின் பயனர்கள், கம்ப்யூட்டர்கள் பற்றிய பதிவேடான ஆக்டிவ் டைரக்டரிக்குள் பதிவாக இருக்கிறது. மற்றொன்று, டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில், சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில் வெறும் ஃபைல்களாகக் கிடக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இப்படித்தான். பயனரின் கம்ப்யூட்டர் முதலில், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் "இந்த டொமைனுக்குக் கன்ட்ரோலர் எது" என்று கேட்கும். அதனிடம் போய்த் தன்னை யாரென்று நிரூபிக்கும். தனக்கு உரிய பாலிசிகளின் பட்டியலை வாங்கும். பிறகு சிஸ்வாலைத் திறந்து ஃபைல்களைப் படிக்கும். இத்தனையும் ஒரு நெட்வொர்க் கார்டு வழியாக நடக்க வேண்டும். எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: பாலிசி வரவில்லை.

கட்டிங் செக்‌ஷன் சிஸ்டம் ஒன்றின் முன் போய் உட்கார்ந்து, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தோம். 1058 என்ற எண்ணில் சிவப்பு வரிகள், ஒன்றன்கீழ் ஒன்று. சிஸ்வாலில் இருக்கும் பாலிசி ஃபைலைப் படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். கமாண்ட் பிராம்ப்ட்டில் டொமைன் பெயருக்குப் பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுக்கச் சொன்னேன். 192.168.10.5 என்று பதில் வந்தது. சரியான முகவரி. டிஎன்எஸ் நினைவை அழித்துவிட்டு மறுபடி கொடுக்கச் சொன்னேன். இந்த முறை 192.168.1.34 என்றது, பதில் ஏதும் வரவில்லை.

அந்த முகவரி எங்கிருந்து வந்தது? சர்வர் ரூமுக்குப் போய் ரேக்கின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தோம். சர்வரில் இரண்டு போர்ட்டுகள். ஒன்றில் ஸ்விட்சுக்குப் போகும் சாம்பல் நிறக் கேபிள். இன்னொன்றில் ஒரு நீலக் கேபிள், ரேக்கின் ஓரமாக இறங்கி, பிராட்பேண்ட் ரவுட்டரின் முதுகில் போய்ச் செருகியிருந்தது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. என்றோ ஒரு ராத்திரி அப்டேட் இறக்குவதற்காக யாரோ செருகியது. வேலை முடிந்தபின் யாரும் பிடுங்கவில்லை.

டொமைன் கன்ட்ரோலரில் இரண்டாவது கார்டு உயிர்பெற்றால், அது தன் முகவரியையும் டிஎன்எஸ்ஸில் தானே பதிந்துகொள்ளும். அதன்பின் டொமைன் பெயரைக் கேட்பவர்களுக்கு இரண்டு முகவரிகளும் மாறி மாறி முதலாவதாக வரும். ஆபீஸில் இருப்பவர்களுக்கு ஏன் பிரச்சினை வரவில்லை என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆபீஸ் சிஸ்டங்கள் சர்வர் இருக்கும் அதே 192.168.10 வரிசையில் இருந்தன. விண்டோஸ் டிஎன்எஸ், கேட்பவர் இருக்கும் சப்நெட்டின் (முகவரி வரிசையின்) முகவரியை முதலில் கொடுக்கும். கட்டிங் செக்‌ஷன் 192.168.20-இல், பக்கத்துக் கட்டடத்தில். அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும். கோளாறு எங்கே தெரிகிறதோ அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் புரிந்தது. ஒருமுறை இறங்கிய பாலிசி, அதன்பின் கன்ட்ரோலர் எட்டாமல் போனாலும் கம்ப்யூட்டரில் அப்படியே நிற்கும். தம்பி பழைய பாலிசியை அழித்தபோது, அந்த நேரத்தில் சர்வரை எட்டிய சிஸ்டங்களில் பூட்டு திறந்துகொண்டது. புதியதைப் போட்டபோது எட்டாத சிஸ்டங்களில் அது திறந்தபடியே கிடந்தது. மருந்தே நோயைப் பரப்பிவிட்டது.

சரிசெய்த வேலை அரைமணி நேரம்தான். நீலக் கேபிளைப் பிடுங்கி அந்தக் கார்டை டிசேபிள் செய்தோம். டிஎன்எஸ்ஸில் அந்த 1.34 பதிவுகளைத் தேடி நீக்கினோம். சர்வர் பெயரில் ஒன்று, டொமைன் பெயரிலேயே ஒன்று, குளோபல் கேட்டலாக் பகுதியில் ஒன்று என மூன்று இடங்களில் இருந்தன. பலர் முதலாவதை மட்டும் நீக்கிவிட்டு நின்றுவிடுவார்கள். பிறகு, கன்ட்ரோலரின் பதிவுகளை டிஎன்எஸ்ஸில் போடும் நெட்லாகன் சர்வீஸை நிறுத்தித் துவக்கினோம். இரண்டாவது கார்டு கட்டாயம் தேவைப்படும் இடம் என்றால், அந்தக் கார்டில் "இந்த இணைப்பின் முகவரியை டிஎன்எஸ்ஸில் பதிவுசெய்" என்பதற்கான டிக்கை எடுப்பது மட்டும் போதாது. டிஎன்எஸ் சர்வரின் இன்டர்ஃபேஸஸ் பக்கத்திலும் சரியான முகவரியை மட்டும் விட வேண்டும். இல்லையென்றால் நீக்கிய பதிவு தானாகத் திரும்பி வந்து நிற்கும்.

நெட்வொர்க் கார்டே எரிந்துபோகும் இடங்களும் உண்டு. இடி மின்னல் மாதங்களில் எனக்கு இந்த வேலை நிறைய வரும். புதுக் கார்டு போட்டு, பழைய ஐபியைக் கொடுத்தால், "இந்த முகவரி மறைந்திருக்கும் வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று விண்டோஸ் சொல்லும். எரிந்த கார்டு பெட்டியில் இல்லை, ஆனால் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் இருக்கிறது. அவசரத்தில் சிலர் அடுத்த எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அது டொமைன் கன்ட்ரோலராக இருந்தால், பழைய எண்ணை டிஎன்எஸ்ஸாக வைத்திருக்கும் எல்லா சிஸ்டங்களும் அந்த நொடியே திக்குத் தெரியாமல் நின்றுவிடும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால், மங்கலான ஐகானோடு பழைய கார்டு தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் பழைய எண்ணையே கொடுங்கள். விஎம்வேர் மெய்நிகர் சர்வர்களில் இ1000 வகைக் கார்டை விஎம்எக்ஸ்நெட்3 வகையாக மாற்றும்போதும் இதே கதைதான். இந்த வேலையைத் தயவுசெய்து ரிமோட்டில் செய்யாதீர்கள். ஐபி விவரம் முழுவதையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சர்வரின் முன்னால் கீபோர்டோடு நின்று செய்யுங்கள்.

காலையில் மட்டும் வரும் கோளாறு ஒன்று இருக்கிறது. ஓர் ஆபீஸில் பழைய ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் மறுநாளிலிருந்து பாலிசி வழியே இன்ஸ்டால் ஆக வேண்டிய சாஃப்ட்வேர் இறங்கவில்லை. ஈவென்ட் வியூவரில் 1129: டொமைன் கன்ட்ரோலருக்கு நெட்வொர்க் தொடர்பு இல்லை. மதியம் போய்ப் பார்த்தால் தொடர்பெல்லாம் கச்சிதம். நடந்தது இதுதான். ஸ்விட்சில், லூப் (போக்குவரத்து வட்டமடிப்பது) உண்டாகாமல் காக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு போர்ட்டில் உயிர் வந்ததும் அது 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்கும், அதன்பின்தான் போக்குவரத்தை விடும். பழைய டிஸ்க் மெதுவாக எழுந்ததால் அந்த 30 வினாடி யாருக்கும் தெரியவில்லை. எஸ்எஸ்டி போட்டபின், வாசல் திறக்கும் முன்பே விண்டோஸ் வந்து நின்று, தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதன்பின் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம்வரை கூடுதல் தாமதத்தோடு, பாலிசி பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும். சாதாரண அமைப்புகள் அதில் வந்துவிடும். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் மட்டும் துவக்கத்திலோ லாகினிலோதான் நடக்கும். பயனர்கள் இருக்கும் போர்ட்டுகளில், அந்த 30 வினாடிக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டு, "துவக்கத்திலும் லாகினிலும் எப்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திரு" என்ற பாலிசியையும் இயக்கினோம். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் போட வேண்டாம். லூப் உண்டானால் மொத்த ஆபீஸும் படுத்துவிடும்.

கேபிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே ஜோடி போதும். கிரிம்பிங்கில் மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை என்றால் சர்வர் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், பிங் மட்டும் அழகாகப் போகும். ஒருபக்கம் வேகத்தைக் கையால் நிர்ணயித்து மறுபக்கம் ஆட்டோவில் விட்டால் அதைவிட மோசம். ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருவழி), மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவழி) என்று ஆகி, ஃபைல் காப்பி நகரவே நகராது. சிஸ்வாலைப் படிப்பதும் ஃபைல் காப்பிதானே. இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள்.

நான் அதிகமாகப் பார்க்கும் தவறு எது என்று கேட்டால், இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 கொடுப்பது. "சர்வர் படுத்தாலும் நெட் ஓடட்டுமே" என்ற நல்லெண்ணம்தான். ஆனால் முதல் டிஎன்எஸ் ஒரு கணம் தாமதித்தால் கம்ப்யூட்டர் இரண்டாவதிடம் போய்விடும். உங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? டொமைனில் உள்ள கம்ப்யூட்டர்களின் கார்டில் டொமைன் டிஎன்எஸ் மட்டுமே இருக்க வேண்டும். 8.8.8.8 போன்ற வெளி முகவரிகளை அந்த டிஎன்எஸ் சர்வரில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயர்களை அது கேட்கும் இடமாக) கொடுங்கள்.

ஃபயர்வால் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரண்ட் போய் வந்தபின் சர்வரும் ஸ்விட்சும் ஒன்றாக எழும்போது, சர்வர் தன் நெட்வொர்க்கை டொமைன் என்று அடையாளம் காணாமல் பப்ளிக் (நம்ப முடியாத பொது நெட்வொர்க்) என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஃபயர்வால் பல கதவுகளை மூடிவிடும். இதைப் பார்த்துத்தான் பலர் ஃபயர்வாலையே அணைக்கிறார்கள். தேவையே இல்லை. கார்டை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் சர்வர் 2025-இல் டொமைன் கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆனபின் இப்படித் தவறான ஃபயர்வால் புரொஃபைலில் நின்றுவிடுவதை மைக்ரோசாஃப்டே 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு, ஜூன் மாத அப்டேட்டில் திருத்தியது. அணைத்த ஃபயர்வாலை மறுபடி போட யாருக்கும் நினைவிருப்பதில்லை. ரான்சம்வேர் உள்ளே வரும் நாளில் அந்தத் திறந்த கதவு எவ்வளவு சேதத்துக்கு வழிவிடும் என்று நேரில் பார்த்தவர்கள் அதை அணைக்கவே மாட்டார்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஏற்காது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்த பழைய சிஸ்டங்களில் இது சகஜம். ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்து, யூபிஎஸ் கைவிட்டு ஒன்று திடீரென அணைந்திருந்தால், அதில் டிஎஃப்எஸ்ஆர் (கன்ட்ரோலர்களுக்குள் சிஸ்வாலை நகலெடுக்கும் சர்வீஸ்) பதிவுகளில் 2213 இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், சிஸ்வால் நகலெடுப்பு நின்றுபோயிருக்கும். பழைய பாலிசியும் புதிய பாலிசியும் சர்வருக்குச் சர்வர் வேறாக இருக்கும்.

உண்மையிலேயே பாலிசிப் பக்கம் கோளாறு இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின், பயனருக்கான பாலிசியையும் கம்ப்யூட்டரின் உரிமையில்தான் விண்டோஸ் படிக்கிறது. பாலிசியின் அனுமதிப் பட்டியலிலிருந்து ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸை (டொமைனில் அடையாளம் காட்டிய எல்லாப் பயனர்களும் கம்ப்யூட்டர்களும்) நீக்கிவிட்டு ஒரு பயனர் குழுவை மட்டும் போட்டிருந்தால் அது யாருக்கும் இறங்காது. டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்காவது படிக்கும் உரிமை கொடுத்தாக வேண்டும். ஆனால் இந்த இடத்துக்கு வரும் முன், கீழே உள்ள கேபிள், கார்டு, டிஎன்எஸ், நேரம் எல்லாவற்றையும் கடந்து வந்திருக்க வேண்டும்.

திருப்பூரில் அன்று மாலை வரை இருந்தேன். ஃபயர்வாலை மறுபடி போட்டோம். கட்டிங் செக்‌ஷன் ஆட்களின் பெயர்களை ஒவ்வொரு சிஸ்டத்திலும் அட்மின் குழுவிலிருந்து எடுத்தோம். பென்டிரைவ் திறந்திருந்த சிஸ்டங்களை முழுதாக ஸ்கேன் செய்யப் போட்டோம். பிறகு 12 சிஸ்டங்களிலும் பாலிசியை உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, எந்தப் பாலிசிகள் இறங்கின என்று காட்டும் ஜிபிரிசல்ட் அறிக்கையை எடுத்துப் பாலிசியின் பெயர் அதில் இருக்கிறதா என்று தம்பியே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினோராவது சிஸ்டத்தில் பெயர் இல்லை. போன் எடுக்காமல், பாலிசியைத் தொடாமல், நேரே குனிந்து கேபிளைப் பார்த்தார். கார்டில் யாரோ 8.8.8.8 போட்டிருந்தது அடுத்த நிமிடம் அவருக்கே தெரிந்தது.