சொல் விளக்கம்: பாதரசம்

‘மீனில் பாதரசம்’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால், மறுநாள் மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டில் “அறுத்துப் பார்த்தால் தெரியுமா?” என்று யாராவது கேட்கக்கூடும். கேட்பவர் மீது குற்றமில்லை. பாதரசம் என்றதும் நம் கண்ணில் நிற்பது உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து தரையில் சிதறும் வெள்ளிநிற உருண்டை. விரல் பட்டால் நழுவும், பக்கத்து உருண்டையைத் தொட்டால் ஒன்றாகிவிடும். மீனின் சதைக்குள் இருப்பது அதுவல்ல. உருளும் உலோகத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக்கும் ஒரே சொல்லைப் புழங்குவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. பாதத்துக்கும் இதற்கும் உறவில்லை. வடமொழியில் இந்த உலோகத்தின் பெயர் ‘பாரத’. அதன் எழுத்துகள் இடம் மாறி, ‘ரச’ என்பதோடு சேரும்போது ஒரு ரகரம் உதிர்ந்து ‘பாதரசம்’ ஆயிற்று என்பதே பொருந்துகிற விளக்கம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே வடிவம்தான் வழங்குகிறது. மலையாளத்தில் வெறும் ‘ரசம்’ போதும். வடமொழி நிகண்டு இதற்குச் ‘சபலம்’ என்றும் பெயர் தருகிறது. ஓரிடத்தில் நில்லாதது என்று பொருள். குணம் அறிந்து வைத்த பெயர். லத்தீனில் ‘ஹைட்ரார்ஜிரம்’, அதாவது நீர்வெள்ளி.

நம் பேச்சில் ரசம் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோமே, அந்த ரசம் இதுதான். முன்பு வெள்ளீயத்தைப் பாதரசத்தில் குழைத்துக் கண்ணாடியின் பின்புறம் பூசினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளிப் பூச்சு வந்தது. பாதரசம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. சாம்பாருக்குப் பின் இலைக்கு வருகிற ரசமும் அதே வடசொல்லின் இன்னொரு கிளை. சித்த மருத்துவத்தில் பாதரசத்தின் பெயர் சூதம். அதன் சேர்மங்களுக்கும் அங்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு: கந்தகத்தோடு சேர்ந்தது லிங்கம், குளோரைடுகள் வீரமும் பூரமும். வீரமும் பூரமும் ஒன்றல்ல, ஒன்று மற்றதைவிடக் கொடிய நஞ்சு என்று பெயரிலேயே பிரித்து வைத்த மரபு நம்முடையது. இன்றைய செய்தி மொழி எல்லாவற்றையும் ‘பாதரசம்’ என்ற ஒரே குடத்தில் ஊற்றிவிடுகிறது.

தூய தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் ‘இதள்’ என்று எழுதுகிறார்கள். அச்சில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுரைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ‘மீனில் இதள்’ என்று வானொலியில் படித்தால், இங்கே பாதிப் பேர் அதைப் பூவிதழ் என்றோ வார இதழ் என்றோ எடுத்துக்கொள்வார்கள். ஆகவே என் ஓட்டு பாதரசத்துக்கே. கூடவே, எந்தப் பாதரசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீனிலும் பறவையிலும் சேர்வது பெரும்பாலும் மெத்தில் பாதரசம். நிலக்கரிப் புகை வழியாகவோ, சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தோ, ஆலைக் கழிவாகவோ நீரில் இறங்கும் பாதரசம், காற்றுப் புகாத அடிச்சேற்றில் சில பாக்டீரியாக்களின் கையில் சிக்கி இப்படி மாறுகிறது. வேறுபாடு சிறிதல்ல. உருண்டையாக விழுங்கிய உலோகப் பாதரசத்தைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதன் ஆவிதான் நுரையீரல் வழியே உடலைத் தாக்கும். மெத்தில் பாதரசமோ குடலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சப்பட்டு, மூளைக்குச் சென்று, கருப்பையிலுள்ள குழந்தையையும் எட்டுகிறது.

மதுரைக்காரர்களுக்கு இதை அயிரையை வைத்துச் சொல்லலாம். அயிரையை உயிரோடு தண்ணீரில் விட்டு விற்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பாலில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும், பிறகு கல் உப்பு போட்டு உரசுவார்கள். மண் போகும், மெத்தில் பாதரசம் எந்த மீனில் இருந்தாலும் இப்படிப் போகாது. அது சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கழுவினாலும், புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அங்கேயே இருக்கும். நல்ல வேளையாக அயிரை விரல் நீளம் கூட வளராத, குறைந்த ஆயுள் கொண்ட மீன். அதில் நஞ்சு சேர நேரமில்லை. அதே கண்மாயில் சிறு மீன்களைத் தின்று ஆண்டுக்கணக்கில் வளரும் விராலின் கணக்கு வேறு. தின்ற ஒவ்வொரு மீனிலிருந்த நஞ்சும் அதன் சதையில் நின்றுவிடும். விராலைப் பிடிக்கும் பறவைக்கு அதற்கும் மேல்.

இப்படிப் படிக்குப் படி ஏறுவதை ‘உயிரிய உருப்பெருக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உருப்பெருக்கம் லென்ஸின் வேலை. அதில் உருவம் பெரிதாகத் தெரியும், பொருள் கூடாது. இங்கே எதன் உருவமும் பெருகவில்லை. இரையிலிருந்து இரையுண்ணிக்குப் போகும்போது செறிவு கூடுகிறது. ‘இரைவழிச் செறிவு’ என்றால் போதும். ஒரே உடலில் நாளடைவில் சேர்வதை ‘உடல்தேக்கம்’ எனலாம்; அணையைத் தேக்கம் என்கிற ஊரில் விளக்கவே வேண்டாம்.

மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாயில் நத்தையைத் தின்னும் நத்தைகுத்தி நாரையும் மீனையே தின்னும் பாம்புத்தாராவும் ஒரே மரத்தில் அமர்ந்திருந்தாலும், இரைவழிச் செறிவில் ஒரே படியில் இல்லை. பறவைகளுக்கு ஒரு வசதி உண்டு: இறகு முளைக்கும்போது உடலிலுள்ள மெத்தில் பாதரசத்தின் பெரும்பங்கு இறகுக்குள் போய்விடும். உதிர்ந்தால் அதோடு ஒழியும். முட்டையிலும் கொஞ்சம் போகும், அது குஞ்சுக்குச் சேரும் பங்கு. இறகில் ஏறியது அழியாது என்பதால், ஸ்வீடனில் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பறவைகளின் இறகுகளை ஆராய்ந்து, 1940களில் பாதரச விதைநேர்த்தி மருந்து வந்த பிறகு அளவு ஏறியதைக் கண்டார்கள். 1966இல் அங்கே அந்த மருந்துக்குத் தடை வந்தது. ஆலைக் கழிவின் பாதரசம் கடலில் கலந்த ஜப்பானின் மினமாட்டாவில் மனிதர்களுக்கு முன்பே பூனைகள் தள்ளாடி ஆடின, காகங்கள் வானிலிருந்து விழுந்தன. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த அந்த ஊரின் பெயரிலேயே அமைந்த பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது.

பாதரசத்தோடு நிற்பதில்லை இந்த ஏற்றம். டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் இதே ஏணியில் ஏறுவதுதான். மதுரை அருகே அரிட்டாபட்டிப் பாறைகளில் காணப்படும் ஷாஹீன், பெரிக்ரின் வல்லூறின் ஓர் உட்பிரிவு. அந்தப் பெரிக்ரின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிடிடியால் முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே முட்டை நொறுங்கி அருகிப்போனது.

நம் பக்கத்துக் கதை கொடைக்கானலில். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் இடம்பெயர்ந்து வந்த தெர்மாமீட்டர் ஆலையை இந்துஸ்தான் லீவர் நடத்தியது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி அவ்வூர் முஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்துகிடந்தது தெரியவந்த பிறகு, 2001 மார்ச்சில் மூடினார்கள். 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு 2016இல்தான் கையெழுத்தானது. ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலை. பாம்பாறு கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது, அந்த நீர் சேருமிடம் வைகை. 2006இல் வெளியான ஓர் ஆய்வு கொடைக்கானல் ஏரி மீன்களில் பாதரசம் இருப்பதைக் காட்டியது. பேரிஜம், கூக்கால் ஏரிகளின் வண்டலையும் அது சோதித்தது.

ஆலை நிலத்தைத் துப்புரவு செய்ய வைத்த வரம்பு மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். அது மொத்தப் பாதரசத்தின் அளவு. அதில் எவ்வளவு கீழே சேற்றுக்கு இறங்கி மெத்தில் பாதரசமாகிறது என்பது வேறு கேள்வி. அந்த வரம்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘மொத்தப் பாதரசம்’ என்றும், மீனைப் பற்றி எழுதும்போது ‘மெத்தில் பாதரசம்’ என்றும் முழுப் பெயராகவே எழுதலாம். தலைப்பில் ஒரு சொல் கூடும், அவ்வளவுதான்.