ஆன்லைனில் சைகை மொழி படிக்கும் தங்கைகளுக்கு

"அக்கா, வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்து சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகலாமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள். வகுப்புக்காகக் கோலாலம்பூர் வந்து போக முடியாத தூரத்தில் இருப்பவர்கள். மொழியைத் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஆக வேண்டுமென்றால், ஒரு கட்டத்தில் திரையை மூடிவிட்டுக் காது கேளாதவர்களோடு போய் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

எட்டு மாதம் ஆன்லைனில் படித்த ஒரு தங்கையை ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனேன். காது கேளாத நண்பர்கள் நாலைந்து பேர் கூடும் சாப்பாட்டுக் கடை அது. வகுப்பில் அவள் கெட்டிக்காரி. எதிரே இருந்த பெரியவர் ஒரு கையில் தே தாரிக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் பேசினார். பாதிப் பேச்சில் பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பிவிட்டார். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே புரியலைக்கா" என்றாள். திரையில் ஆசிரியர் நேராக உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில், இரண்டு கையாலும் நிதானமாகப் பேசுவார். கடையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? போதாததற்கு அந்தப் பெரியவர் படித்தது பினாங்கில், 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில். பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே உருவாக்கிக்கொண்ட பழைய சைகைகள் அவர் கையில் இன்னும் இருக்கின்றன. எந்தக் காணொளிப் பாடத்திலும் அவள் அவற்றைப் பார்த்திருக்க மாட்டாள்.

எந்த மொழியைப் படிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். இங்கே காது கேளாதோரின் மொழி பஹாசா இஷாரத் மலேசியா, சுருக்கமாக பிஐஎம். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. யூடியூபில் தேடினால் அமெரிக்கச் சைகை மொழிதான் வந்து குவியும். பிஐஎம்மில் அதன் தாக்கம் உண்டு என்பதால் சில சைகைகள் ஒத்துப்போகும், பல ஒத்துப்போகாது. இன்னொன்று கேடிபிஎம். அது மலாய் வாக்கியத்தை 'மெ', 'பெர்', 'கான்' ஒட்டுகள் உட்பட அப்படியே கையால் காட்டுவது. வகுப்பறைக்காக உருவான முறை அது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்த ஒட்டுகளையெல்லாம் பார்க்க முடியாது. "தமிழுக்குத் தனிச் சைகை மொழி இல்லையா?" என்றும் சிலர் கேட்பார்கள். இங்குள்ள காது கேளாத தமிழ்ப் பிள்ளைகள் பேசுவதும் பிஐஎம்தான்.

நம் வீடுகளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை பள்ளியில் பிஐஎம் பேசுகிறது. அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ். நடுவில் இருப்பது சாப்பிடு, தூங்கு, கிளம்பு, அடி விழும் என்கிற நாலு வீட்டுச் சைகைகள். ஒரு வீட்டில் நடந்ததை, அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறேன். "இவன் ஏன் என்மேல கோபமாவே இருக்கான்னு கேளுங்கம்மா" என்றார் தாய். பத்தொன்பது வயதுப் பையன் நிறுத்தாமல் கையை அசைத்தான். நான் அவன் குரலாக, தன்மையிலேயே சொன்னேன்: "தாத்தாவுக்கு உடம்பு சரியில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் செத்த அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்." அந்தத் தாய் என்னைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் 'அவன் சொல்கிறான்' என்று சொல்லாமல் 'நான்' என்று பேசுவது இதற்காகத்தான்.

சரி, தூரத்திலிருந்து படிப்பவர்கள் என்ன செய்யலாம்? தினமும் உங்களையே போனில் படம் பிடியுங்கள். தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு இடுப்புவரை தெரியட்டும். ஜன்னல் முன்னால் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பூப்போட்ட சட்டை வேண்டாம், ஒரே நிறத்தில் போடுங்கள். மறுநாள் அதைச் சத்தமில்லாமல் பாருங்கள். கேள்வி கேட்கும் இடத்தில் புருவம் அசைகிறதா? கை சரியாக இருந்து முகம் மரம்போல் இருந்தால், கேள்வி கேள்வியாகத் தெரியாது. அப்புறம், முடிந்தால் ஆசிரியராகக் காது கேளாத ஒருவரையே தேடுங்கள்.

ஒரு சான்றிதழ் கைக்கு வந்ததும் மருத்துவமனைக்கோ போலீஸ் நிலையத்துக்கோ மட்டும் போய்விடாதீர்கள். 'ஒருவேளை' என்று டாக்டர் சொன்ன சொல்லைத் தவறவிட்டால் நோயாளி வேறு முடிவு எடுத்துவிடுவார். புரியாததை 'புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்று எல்லோர் முன்னும் கேட்கும் துணிச்சல் வந்த பிறகு போங்கள். நீண்ட கூட்டங்களுக்கு இரண்டு பேராகப் போய், இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். களைப்பில் மூளை முதலில் விடுவது சின்னச் சின்ன விவரங்களைத்தான்.

அந்தத் தங்கை இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது பஸ் ஏறி வந்துவிடுகிறாள். போன முறை பெரியவரிடம் மூன்று தடவை 'திரும்பச் சொல்லுங்கள்' என்று சைகை காட்டினாள். மூன்றாவது தடவை அவர் கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முதலிலிருந்து தொடங்கினார்.