தாங்கும் தண்ணீர்

2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. ஊர் மீனவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், படகில் கட்டிக் கடலுக்குள் இழுத்துப் போய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பி வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்துபோயின.

திமிங்கலம் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டி. கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் சாகிறது?

அதன் எடைதான் அதற்கு எமன். அன்று ஒதுங்கிய இனத்தில் வளர்ந்த ஒன்று 1 முதல் 3 டன் வரை இருக்கும். கடலில் அந்த எடையைத் தண்ணீர் சுமந்துகொள்கிறது. மணலில் கிடக்கும்போது மொத்தமும் அடிப்பக்கத்துச் சதைமேலும் விலாமேலும் இறங்குகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் தன் உடம்பைத் தானே தூக்க வேண்டும். நசுங்கிய தசைக்கு ரத்தம் சரியாகப் போகாது. குளிர்கடலில் காப்பாற்றும் கொழுப்புப் படலம், வெயிலில் உடல் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோ. அதே அளவு காற்று 1.2 கிலோகூடத் தேறாது. நீரில் இருக்கும் உடம்பு தான் விலக்கிய நீரின் எடை அளவுக்கு மேலே தள்ளப்படும். காற்றில் அந்தக் கைகொடுப்பு இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் நீலத் திமிங்கலம் 100 டன்னைத் தாண்டி வளர முடிகிறது. தரையில் இன்று மிகப் பெரிய விலங்கான ஆப்பிரிக்க யானை ஆறேழு டன்னோடு நின்றுவிடுகிறது.

யானையைத் தடுப்பது எது என்று கலிலியோ 1638-லேயே விளக்கிவிட்டார். ஒரு விலங்கின் நீள, அகல, உயரங்களை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். ஆனால் எலும்பின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது நான்கு மடங்குதான் கூடும். ஆகவே பெரிய விலங்குக்குக் கால் எலும்பு விகிதத்தை மீறித் தடித்தாக வேண்டும். யானையின் கால் தூண்போல நேராக நிற்பதும் இதனால்தான். முழங்காலை மடித்தபடி அவ்வளவு எடையைத் தாங்கத் தசைக்குக் கட்டுப்படியாகாது.

மீனின் சதையும் எலும்பும் நீரைவிடக் கொஞ்சம் கனமானவை. அதை ஈடுகட்ட, பெரும்பாலான மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. மீனவர்கள் அதை நெட்டி என்பார்கள். கடல்மீனில் உடம்பின் கன அளவில் சுமார் 5 சதவீதம், ஆற்று மீனில் 7 சதவீதம். உப்புநீர் கனமானது என்பதால் கடல்மீனுக்குச் சிறிய பையே போதும். தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செதுக்குகிறார்களே, அந்த வெள்ளைத் தக்கைக்கும் நெட்டி என்றுதான் பெயர். அது நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டு, உள்ளே முழுக்கக் காற்று. மீனையும் செடியையும் மிதக்க வைக்கும் பொருளுக்கு நம் மக்கள் ஒரே சொல்லை வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எலும்பும் இல்லாமல், மிதக்க நீரும் இல்லாமல் தரையில் நிற்கிறது வாழை. அதற்கு மரம் என்று பெயரே தவிர, நாம் பார்க்கும் அடிமரம் ஒன்றையொன்று சுற்றிய மட்டைகள். பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் அதை நிறுத்துகிறது. ஒவ்வொரு செல்லும் நீரை உறிஞ்சி உப்பி, தன் உறுதியான சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. இந்த விறைப்பழுத்தம் பல செடிகளில் கார் டயருக்குள் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. வாடிய கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்ததும் நிமிர்வது இந்த அழுத்தம் திரும்புவதால்தான். நீர் உள்ளிருந்து தள்ள, மட்டையின் நார்கள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. பூ கட்டுகிறோமே, அதே வாழைநார். ஆனால் தார் முற்றித் தலை கனத்து, காற்றும் அடித்தால் இந்த ஏற்பாடு போதாது. சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கிறார்கள்.

பனைக்கு முட்டு வேண்டாம். புயலில் வளையும் மரத்தில் இழுப்பும் நெரிப்பும் விளிம்பில்தான் உச்சம்; நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பனை தன் வைரத்தை வெளிவட்டத்தில் வைத்து, நடுவைச் சோறாக விட்டிருக்கிறது. பழைய இலக்கணத்தார் இதைக் கவனித்துப் புறக்காழ் (வெளியே வைரம்) உள்ளவற்றைப் புல் என்றும் அகக்காழ் (உள்ளே வைரம்) உள்ளவற்றை மரம் என்றும் பிரித்தார்கள். பனையைப் புல்லோடு சேர்க்கும் அந்தப் பார்வை இன்றைய தாவரவியலுக்கும் பொருந்தி வருகிறது: இரண்டுமே விதையில் ஒற்றை இலையோடு முளைக்கும் ஒருவித்திலைத் தாவரங்கள்.

வாழையின் வழியும் பனையின் வழியும் ஒரே உடம்பில் மாறி மாறி நடப்பது நண்டில். வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றுகிறது. புதிய ஓடு தோல்போல மெத்தென்று இருக்கும். பிடிக்க எலும்பில்லாத நண்டு அப்போது எப்படி அசைகிறது? 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் ஓடு கழற்றிய நண்டின் கொடுக்குக்குள் அழுத்தத்தை அளந்தார்கள். நீரைக் குடித்து உடம்பை விறைக்க வைத்து, மண்புழுவைப்போல அந்த நீரையே எலும்பாகக் கொண்டு தசையை இயக்குகிறது. சில நாளில் ஓடு இறுகியதும், சுமையை மறுபடி ஓட்டிடமே கொடுத்துவிடுகிறது.