அனீலிங்: ஆற்றுதலா, தோய்ச்சலா?

சேலத்து வெல்டிங் பட்டறைகளில் அனீலிங் என்றால் உலோகத்தைச் சூடேற்றி மெல்ல ஆறவிடுவது என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. மைல்டு ஸ்டீலுக்கு அது பொருந்தும். 304 வகைத் துருப்பிடிக்கா எஃகுக்குப் பொருந்தாது.

பழைய ஆங்கிலத்தின் 'ஒனேலன்' என்ற வினையிலிருந்து வந்த இச்சொல்லுக்குத் தீ மூட்டுதல், பற்றவைத்தல் என்பதே முதற்பொருள். நெருப்பையும் தகட்டையும் ஒரே வினையால் பற்றவைக்கும் தமிழருக்கு இது வியப்பாக இராது. கண்ணாடியையும் உலோகத்தையும் சூடாக்கி மெதுவாகக் குளிரவைத்து உள்ளிறுக்கத்தைப் போக்கும் முறைக்கு அது பெயரான பிறகே 'மெல்ல' என்னும் குறிப்பு ஒட்டிக்கொண்டது.

304 எஃகில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம் உண்டு. அது மேற்பரப்பில் உண்டாக்கும் ஆக்சைடு படலமே எஃகுக்குக் காவல். வெல்டிங் செய்கையில் தையலின் இருபுறமும் ஒரு பட்டை 425 முதல் 850 டிகிரி செல்சியசுக்குள் தங்க நேரிடுகிறது. அந்த வெப்பத்தில் எஃகிலுள்ள கரி, அந்த எஃகை ஆக்கியுள்ள நுண்ணிய படிகமணிகளின் எல்லைக்கு விரைந்து நகர்ந்து, தன் எடையைப்போல் 16 மடங்குக்குமேல் குரோமியத்தைச் சேர்த்துக்கொண்டு கார்பைடாகப் படிகிறது. குரோமியமோ மெதுவாகவே நகர்வதால் இழப்பு ஈடாவதில்லை. எல்லையோரம் குரோமியம் 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட, அமிலம் பட்டால் அந்த வழியாகவே அரிப்பு உள்ளே போகிறது.

இதற்கு மருந்து 'சொல்யூஷன் அனீலிங்': அதாவது 1040 முதல் 1120 டிகிரி வரை சூடாக்கிக் கார்பைடைக் கரையவைத்து, இடைப்பட்ட வெப்பத்தில் தங்கவிடாமல் நீரிலோ வேகமான காற்றிலோ சட்டெனக் குளிரவைப்பது. மெல்ல ஆறினால் கரைந்தது மீண்டும் படியும். ஆகவே அனீலிங்கைத் தமிழில் 'ஆற்றிப் பதப்படுத்தல்' என்று இங்கே எழுதுவது, செய்யக்கூடாததைச் செய்யச் சொல்வதாகும். காய்ச்சிய இரும்பை நீரில் அமிழ்த்துவதற்குத் தோய்ச்சல் என்ற பழஞ்சொல் நம்மிடம் உள்ளது. தோய்ச்சல் அரிவாளுக்குக் கடினம் தரும். நிக்கல் மிகுந்த 304 அவ்வாறு இறுகாது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, 'கரைப்புத் தோய்ச்சல்' என்றே வழங்கலாம் என்பது என் கருத்து. 'சொல்யூஷன்' என்பதைக் 'கரைசல்' என்றால் நீர்மமே நினைவுக்கு வரும். இங்கே கரைவது திண்மத்துக்குள்.

கஞ்சமலை அருகிலுள்ள சேலம் உருக்காலையில் தகடு முழுவதும் உலைக்குள் ஓடுகிறது. பால்பண்ணைக்குச் செய்யும் பெரிய தொட்டியைப் பட்டறைக்காரர் எந்த உலையில் வைப்பார்? கேஸ் சுடரால் தையலை மட்டும் சூடாக்குவது இன்னும் கேடு. சூடு தணியும் ஓரங்களில் புதிதாக ஒரு பட்டை உருவாகும். கரி 0.03 விழுக்காட்டுக்கு மிகாத 304எல், அல்லது டைட்டானியம் சேர்த்த 321 வகைத் தகட்டை முதலிலேயே வாங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்தது. மெல்லிய பாத்திரத் தகடு விரைந்து குளிர்வதால் அங்கே இக்கவலை பெரிதில்லை. நீலம் பூத்த தையலில் தடவும் பிக்ளிங் பேஸ்ட் என்னும் அமிலப்பசை மேற்பரப்பைச் சீராக்கும். எல்லையோரம் இழந்த குரோமியத்தைத் திருப்பித் தராது.

காந்தம் ஒட்டும் 430 வகைத் துருப்பிடிக்கா எஃகில் நடப்பு நேர்மாறு. சுமார் 925 டிகிரிக்கு மேல் சூடான பகுதி எவ்வளவு விரைவாகக் குளிர்ந்தாலும் எல்லையோரம் குரோமியத்தை இழந்துவிடுகிறது. பிறகு 800 டிகிரி அளவில் சிறிது நேரம் வைத்தால் சுற்றிலுமுள்ள குரோமியம் நகர்ந்துவந்து குறையை நிரப்பும். அவ்வகைக்கு 'ஆற்றிப் பதப்படுத்தல்' என்று எழுதுவதில் தவறில்லை.