நடைப்பயிற்சி உருவகப்படுத்தியா?

கோன் ஹோம் என்ற கணினி ஆட்டம் பற்றிய ஒரு தமிழ் விமர்சனத்தில் மறுபடியும் கண்ணில் பட்டது: 'நடைப்பயிற்சி உருவகப்படுத்தி'. வாக்கிங் சிமுலேட்டர் என்ற ஆட்ட வகையைத்தான் சொல்கிறார்களாம். படித்தால் டிரெட்மில் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

பொருள் எளிது. சண்டை கிடையாது, மதிப்பெண் கிடையாது, தோற்பதும் கிடையாது. ஓர் இடத்தில் நடந்து, கிடைத்ததை எடுத்துப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று ஆடுபவரே கோத்துக்கொள்கிற கதை ஆட்டம். சிமுலேட்டரின் வேர் லத்தீன் 'சிமிலிஸ்'. 'போன்ற' என்று அர்த்தம்.

சரி, உருவகப்படுத்திக்கு வருவோம். மலர்முகம் உவமை, முகமலர் உருவகம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். மலர்முகத்தில் 'போல' ஒளிந்திருக்கிறது. முகமலரில் 'போல'வுக்கு வேலையே இல்லை, முகம்தான் மலர். 'போன்ற' என்ற வேரிலிருந்து வந்த சொல்லுக்கு, 'போல'வை வெளியே அனுப்பிவிட்ட அணியின் பெயரைத் தேடிப்பிடித்துச் சூட்டியிருக்கிறார்கள்! விமானம் ஓட்டிப் பழகும் கருவியைச் சிலர் 'பாவிப்பி' என்கிறார்கள், பாவனை செய்வது என்ற பொருளில். அது எவ்வளவோ தேவலை.

ஆனால் இங்கே பாவிப்பியும் உதவாது. இந்த ஆட்டங்கள் நடையைப் பாவிப்பதே இல்லை. விசையை அழுத்தினால் முன்னே போகிறோம், அவ்வளவுதான். நிஜமாகவே காலைப் பாவிக்கிற ஆட்டம் வேண்டுமென்றால் 2008-இல் வந்த க்வாப் இருக்கிறது. தொடைகளுக்கு இரண்டு விசை, கெண்டைக்கால்களுக்கு இரண்டு விசை. நாலடி வைப்பதற்குள் ஓட்டக்காரர் மல்லாந்துவிடுவார். அதை யாரும் இந்த வகையில் சேர்ப்பதில்லை.

அப்புறம் ஏன் இந்தப் பெயர்? கிண்டல். 2013-இல் கோன் ஹோம் வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆடியவர்களில் பலர் "இதெல்லாம் ஒரு ஆட்டமா, சும்மா நடக்கிறதுதானே" என்று கடுப்பானார்கள். அந்தக் கடுப்பு இந்தப் பெயரில் அப்படியே இருக்கிறது. நாளடைவில் வசையே வகைப்பெயராகிவிட்டது. 2018-இல் இதே வகையைச் சேர்ந்த வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த ஆட்டம் விருதை வாங்கியபோது வசைக்குப் பல்லும் போய்விட்டது.

ஆக, மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, விமர்சனத்தில் இதைச் சொல்வது யார் என்பதை. எரிச்சலில் ஒருவர் சொன்னால் 'சும்மா நடக்கிற ஆட்டம்' என்றே எழுதலாம், கிண்டல் சேதாரமில்லாமல் வந்துவிடும். வகையைச் சொல்வதென்றால் என் ஓட்டு 'நடைக்கதை'க்கு. திருப்பிப் போட்டு 'கதைநடை' என்றால் எழுத்துப் பாணி என்று ஆகிவிடும், அது வேண்டாம்.

நடை நமக்குச் சும்மா நடப்பது மட்டுமில்லையே. எழுத்துக்கும் நடை உண்டு, வீட்டுக்குள் போகிற வழிக்கும் நடை என்றுதான் பெயர். கோன் ஹோமில் 1995 ஜூன், மழை இரவு. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய கேட்டிக்குக் கதவில் தங்கை ஒட்டிய சீட்டு மட்டும் கிடைக்கிறது, வீட்டில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டு நடையில் நடக்கிறோம். தங்கை எழுதியதெல்லாம் அவள் குரலில், அவள் நடையில் கேட்கிறது. இத்தனையும் ஒரே சொல்லுக்குள் கிடைக்கும்போது உருவகப்படுத்தி எதற்கு?

அதே விமர்சனத்தில், விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்ற பகுதிக்கு 'முக்கியமான வரவேற்பு' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். ஆங்கிலத்து 'கிரிட்டிகல் ரிசெப்ஷன்' இப்படி ஆகிவிட்டது. அமைச்சர் யாராவது வந்திருப்பார் போலிருக்கிறது.